அட்டையில் பதினாறு முகங்கள்

வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லி பேருந்து நிலையம் வரை சாலையோரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற அத்தனை பேரையும் அங்கே நிறுத்திவைத்தவர் ஒரே ஆள்தான். அவர் பெயர் வீட்டாருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் பேனர் அண்ணாத்தே. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பத்தடிக்கு எட்டடியில் பேனர் அடித்துக் கட்டிவிடுவார். அவர் கை பட்டால் வழுக்கையில் முடி முளைக்கும். கண்ணீர் அஞ்சலியில்கூட ஆள் முன்பைவிடத் தெம்பாக இருப்பார்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. எங்கள் கள்ளிக்குப்பம் தெருவைப் பற்றி எழுதிவைத்த வேடிக்கைக் கட்டுரைகளைப் புத்தகமாகப் போட ஆசை வந்தது. என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: விற்காததைப் பரணில் ஏற்றக்கூடாது. என் சக ஊழியர் ஒருவரின் கவிதைப் புத்தகம் ஐந்நூறும் அவர் வீட்டுப் பரணில் எலிகளோடு குடித்தனம் நடத்துவதை அவள் பார்த்திருந்தாள். எனக்கும் அதே பயம்தான். யாருமே படிக்காமல் போய்விட்டால்?

அந்தச் சமயத்தில்தான் அண்ணாத்தே கடையில் புதிதாக ஒரு பலகை தொங்கியது: ‘புத்தகம் எழுதி, படம் போட்டு, அச்சடித்து, விற்றுத் தரப்படும்.’ இதுவரை எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். என்னுடையதுதான் முதல் என்றார், ஏதோ எனக்குப் பட்டம் கொடுப்பது போல.

என் பக்கங்களைப் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று படித்தார். மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் வெட்டினார். "வாத்யாரே, வண்டியில போறவன் ஒரே பார்வையில படிக்கணும். இம்மா நீட்டு எழுதிக்கினா சிக்னல் மாறிடும்."

நான் பார்த்துப் பார்த்து எழுதிய வர்ணனைகள் பாதி அந்த சிக்னலிலேயே போய்ச் சேர்ந்தன. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் படித்துப் பார்த்தால் கட்டுரைகள் முன்பைவிட நன்றாக இருந்தன. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அட்டைக்கு நான் கேட்டது தெருவில் நிற்கும் தண்ணீர் லாரி. லாரியும் வந்தது. அதன் கீழே வட்ட வட்டமாக எங்கள் தெருவாசிகள் பதினாறு பேரும் வந்தார்கள். எல்லோருக்கும் கூலிங்கிளாஸ். தலைக்கு மேலே ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’. கட்டுரைகளில் யார் யார் வருகிறார்களோ அவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் படம் வாங்கியிருக்கிறார். நான் பார்ப்பதற்குள் என் புத்தகமும் ஐந்நூறு பிரதி அச்சாகிவிட்டது.

"அண்ணாத்தே, இது புத்தகம். காதுகுத்து இல்ல."

"தம்மூஞ்சி கீதான்னு பாக்கத்தான் மன்சன் நிக்கிறான் வாத்யாரே. நின்னவன் படிப்பான்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஷேர் ஆட்டோவில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் வந்து நின்றார். மாவு மில் கன்னியப்பன், ஆவடி சம்பந்தி வீட்டுக்கும் சேர்த்து எட்டு வாங்கினார். பதினாறு பேரின் உறவுக்காரர்கள் ஆட்டோவை மொய்த்தார்கள். அட்டையில் இடம் கிடைக்காத இரண்டு பேர் சண்டைக்கு வந்து, சண்டை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஸ்டெல்லா டீச்சர் தன் முகத்தைப் பார்க்க நின்றவர், நின்ற இடத்திலேயே கட்டுரையைப் படித்துச் சிரித்தார். பிறகு பக்கத்து வீட்டம்மாவைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாலைக்குள் ஆட்டோ காலி. பரணில் என் மனைவி ஊறுகாய் ஜாடிகளை அடுக்கிவிட்டாள்.

அன்றைக்குத்தான் கவனித்தேன், புத்தகத்தில் எங்கேயும் அவர் படம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"பேனர் கட்றவன் மூஞ்சிய எவன் பேனர்ல போட்டான்?" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. எல்லா வேலையும் அவரிடம்தான். அட்டையை மட்டும் அவருக்குத் தெரியாமல் அம்பத்தூரில் வேறொருவரிடம் கொடுத்திருக்கிறேன். அண்ணாத்தேயின் மனைவியிடம் கெஞ்சி வாங்கிய அவர் படம் பதினேழாவது வட்டத்தில் இருக்கிறது. அந்த ஒருவருக்கு மட்டும் கூலிங்கிளாஸ் வேண்டாம், கண் நன்றாகத் தெரியட்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.