கிராஃப்டிக்குச் சோபாக்காரர் சொன்ன அர்த்தம்

மனைவிக்கு அந்த வேலை கிடைத்துவிடக் கூடாது என்று சோபாக்காரர் முடிவு செய்தார். முடிவு செய்ததோடு சரி. அதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவர் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாடிக்கையாளரோடு மல்லுக்கு நிற்பார். கடைக் கட்டடத்துச் சொந்தக்காரரின் முகத்துக்கு நேராகவே கூரை ஒழுகுகிறது என்று கத்துவார். ஆனால் உள்ளேயிருந்து மனைவி "என்னங்க" என்று கூப்பிட்டால், உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிடுவார். எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே தெரியாது. எழுந்த பிறகுதான் யோசிப்பார்.

கிழிந்த சோபாவையும் அமுங்கிப்போன நாற்காலியையும் புதிதாக்கித் தருவது அவர் தொழில். ஸ்பிரிங் மாற்றுவது, ஸ்பாஞ்ச் வெட்டுவது, பலகைக்கு ஆணி அடிப்பது எல்லாம் அவர். உறை தைப்பது அவள். கடையின் பின்கட்டில் அவளுடைய தையல் மிஷின் இருந்தது. அவள் தைத்த உறையில் மூலை மூலையாக இருக்கும், ஓரம் கோடு போட்டதுபோல ஓடும். பார்க்க வருகிறவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான். "என்ன கை உங்களுக்கு" என்பார்கள். சோபாக்காரர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டு அடக்கமாகச் சிரிப்பார். கை யாருடையது என்று அவர் சொன்னதில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் ரயிலடிக்கு எதிரே இருக்கும் பெரிய ஓட்டலில் தையல் பிரிவுக்கு ஒரு சூப்பர்வைசர் தேவை என்று விளம்பரம் வந்தது. திரைச்சீலை, விரிப்பு, உறை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்டர்வியூ இங்கிலீஷில் நடக்கும். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது சோபாக்காரருக்கு உயிர் வந்தது. ஆனால் மனைவி அடுத்த வாரமே நூலகத்தின் மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டாள். வந்த உயிர் போய்விட்டது.

அவள் வேகமாகக் கற்றுக்கொண்டாள். இன்டர்வியூவில் உன்னைப் பற்றி மூன்று வார்த்தையில் சொல் என்று கேட்பார்களாம். ஹானஸ்ட், ஹார்டுவொர்க்கிங் என்று இரண்டு கைவசம் இருந்தன. மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் கடையில் துணி மடித்தபடியே கேட்டாள்.

"என்னங்க, கிராஃப்டின்னா என்ன அர்த்தம்?"

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். உலகத்தில் உள்ள அத்தனை இங்கிலீஷ் வார்த்தைகளில், சோபாக்காரர் பட்டுத் தெரிந்துகொண்ட வார்த்தை அது ஒன்றுதான். முன்பு ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மாவின் சோபாவுக்கு, உள்ளே இருந்த பழைய ஸ்பாஞ்சை அப்படியே விட்டுவிட்டு மேலே மட்டும் புது ரெக்சின் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், அவரையும் ஒரு பார்வை பார்த்தார், "யூ ஆர் எ வெரி கிராஃப்டி மேன்" என்றார். சோபாக்காரர் பூரித்துப்போய்த் தேங்க்யூ சொன்னார். தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள் மேடம் என்று கேட்டுக்கொண்டார். அவரும் தட்டாமல் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தெருவிலிருந்து ஒரு முக்காலிகூடக் கடைக்கு வரவில்லை. சந்தேகப்பட்டு அகராதியைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. புத்தி இருக்கும், நேர்மை இருக்காது. சத்தம் போடாமல் அடுத்தவனைக் கவிழ்த்துக் காரியம் சாதிக்கிறவன். அவனுக்குப் பெயர் கிராஃப்டி.

அவ்வளவும் தெரிந்த மனிதர், கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, வாத்தியார் மாதிரி தொண்டையைச் செருமினார்.

"கிராஃப்ட்னா என்ன? கைவேலை. கைவேலை நல்லா தெரிஞ்சவங்க கிராஃப்டி. உனக்குன்னே செஞ்சு வச்ச வார்த்தை மாதிரி இருக்கு."

"நல்ல வார்த்தைதானே?"

"தங்கமான வார்த்தை."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு மிஷினுக்குப் போனாள். சோபாக்காரருக்குத் தன் மூளையை நினைத்தால் பெருமை தாங்கவில்லை. தடுக்கவில்லை, சண்டையில்லை, ஒரு சொல்லில் காரியம் முடிந்தது. ஓட்டல்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, நான் நேர்மையானவள், உழைப்பாளி, தில்லுமுல்லுக்காரி என்று சொல்லப்போகிறாள். எந்த ஓட்டல் வேலை கொடுக்கும்?

பெருமை மறுநாள் காலை வரைக்கும்தான் தாங்கியது. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் ஒத்திகை பார்த்தாள். "ஐ ஆம் ஹானஸ்ட். ஐ ஆம் ஹார்டுவொர்க்கிங். ஐ ஆம் கிராஃப்டி." மூன்றாவது வார்த்தை வரும்போது அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. சோபாக்காரருக்குக் குடித்த காப்பி நெஞ்சிலேயே நின்றது. துணி உலர்த்தும்போது சொன்னாள். தலை வாரும்போது சொன்னாள். சரியாகச் சொல்கிறேனா என்று அவரைக் கேட்கவும் கேட்டாள். ஒவ்வொரு முறையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஏதாவது ஒரு கவளத்தைப் போட்டு மூடிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் கொஞ்சம் பெருத்துக்கூடப் போனார்.

இன்டர்வியூ நாள் காலையில் அவள் தன்னிடமிருந்ததிலேயே நல்ல உடுப்பை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டாள். தான் தைத்த ஒரு குஷன் உறையை மடித்துப் பையில் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"இன்னொரு தடவை கேட்டுக்கறேங்க. அந்த மூணாவது வார்த்தை, தைரியமா சொல்லலாமா?"

"தைரியமா சொல்லு" என்றார் அவர். குரல் யாரோ பக்கத்து வீட்டுக்காரர் குரல் மாதிரி வந்தது.

"நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

கடையில் அன்று அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு நாற்காலிக்கு ரெக்சினை உள்பக்கம் வெளியே தெரியும்படி வைத்து வரிசையாக ஆணி அடித்து முடித்துவிட்டார். பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் வந்து பார்த்து, இது புது மாடலா என்று விசாரித்தார். சோபாக்காரர் பின்கட்டைப் பார்த்தார். மிஷின் மூடியிருந்தது. அவள் காலடியில் எப்போதும் கிடக்கும் நூல் துண்டுகளைக்கூடக் கூட்டிச் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தாள். நீங்க சொன்னா சரி. இத்தனை வருஷத்தில் அவள் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருக்கிறாள், அதில் தான் சரியாகச் சொன்னது எத்தனை என்று அவர் எண்ணிப் பார்த்தார். எல்லாவற்றையும் பூட்டுக்காரரிடம் கொட்டிவிட்டார்.

பூட்டுக்காரர் எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார், வாயைத்தான் அவசரப்பட்டுத் திறக்க மாட்டார். கடைசிவரை கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஏண்ணே, அண்ணிக்கு வேலை கிடைக்காம போனா அது ஒரு மாசத்துல மறந்துடும். இது உங்க வேலைன்னு தெரிஞ்சா மறக்குமா?"

சோபாக்காரர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் பஸ்ஸில் ஏறினார். ஓட்டல் வாசலில் இறங்கிய பிறகுதான் கையில் சுத்தியல் இருப்பதைக் கவனித்தார். காவலாளியும் அதைத்தான் கவனித்தார். யார், என்ன விஷயம் என்று கேட்டதும், பதற்றத்தில் அவர் வாயில் வந்த ஒரே சொல் "சோபா."

காவலாளியின் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனை நாளாகச் சொல்லியனுப்புகிறோம், இப்போதுதான் வர வழி தெரிந்ததா என்று செல்லமாகக் கடிந்துகொண்டு, வரவேற்பறையில் இருந்த நீளச் சோபா வரை கையைப் பிடித்து அழைத்துப் போனார். அது நடுவில் பள்ளமாகக் கிடந்தது. ஓடிவந்த காரியத்தின் அவசரத்திலும் சோபாக்காரரின் கை தானாகவே அதை அழுத்திப் பார்த்தது. ஸ்பிரிங் போச்சு என்று வாயும் தானாகவே சொன்னது. ஆள் கூட்டிவருகிறேன் என்று காவலாளி நகர்ந்ததும் அவர் பக்கத்து நடையில் புகுந்து ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

நடையின் கோடியில் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அறை. உள்ளே மனைவி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே மேனேஜர் அம்மாளும் இன்னோர் அதிகாரியும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொல்லிவிட்டாள் என்று நினைத்தார் சோபாக்காரர். என் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், சிரிக்க வைத்தது நான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"மேடம், ஷி நாட் கிராஃப்டி. ஐ கிராஃப்டி. ஒன்லி ஐ." அதற்கு மேல் இங்கிலீஷ் கைகொடுக்கவில்லை. தமிழிலேயே தொடர்ந்தார். "தப்பு என்னோடதுங்க. வேணும்னேதான் அர்த்தத்தை மாத்திச் சொல்லிக் கொடுத்தேன். இவ போயிட்டா கடையில தைக்க ஆளில்ல. என் கடையில இருக்கிற நல்ல தையல் எல்லாம் இவளோடது. நான்தான் தைச்சேன்னு ஊரையே நம்ப வச்சிருக்கேன். இவளை மட்டும் தப்பா நினைச்சுடாதீங்க."

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள், பிறகு சுத்தியலைப் பார்த்தார்கள். அவர் அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மனைவி பதறவில்லை. எழுந்து நின்று, தெளிவான இங்கிலீஷில், இவர்தான் என் கணவர் என்று அறிமுகம் செய்து வைத்தாள்.

மேனேஜர் அம்மாள் தலையசைத்தார். "நீங்க கிராஃப்டின்னு உங்க வீட்டம்மா இப்பதான் சொல்லிட்டிருந்தாங்க. உட்காருங்க."

அவருக்கு உட்கார்ந்ததுகூடத் தெரியவில்லை. விவரமெல்லாம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் தெரிந்தது. அவர் அர்த்தம் சொன்ன அன்று சாயங்காலமே அவள் அந்த வார்த்தையை வகுப்பில் கேட்டிருக்கிறாள். டீச்சர் விளக்கியிருக்கிறார். ஏமாற்றுகிற கெட்டிக்காரத்தனத்துக்குத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்வார்கள், கைவேலை செய்கிறவர்களைச் சிலர் பாராட்டாகவும் சொல்வதுண்டு, சொல்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று. அவளுக்கு ஏற்கெனவே முகம் தெரிந்திருந்தது. இன்டர்வியூவில் தனக்கு மூன்றாவது வார்த்தையாகப் பொறுமைசாலி என்பதைச் சொல்லியிருக்கிறாள். கணவர் எப்படி என்று கேட்டபோது, கிராஃப்டி, இரண்டு அர்த்தத்திலும், என்றிருக்கிறாள். அதற்குத்தான் அவர்கள் சிரித்தார்கள்.

"தெரிஞ்சே தினமும் என் காதுல விழற மாதிரி சொல்லிட்டிருந்தியா?" என்று கேட்டார் அவர்.

"பின்னே? இன்னைக்காவது சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். வாசல்லகூட நின்னு கேட்டேன்."

சோபாக்காரர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. அவள் குரலில் கோபம் இல்லை, காத்திருந்து அலுத்த களைப்புதான் இருந்தது. மன்னிச்சுக்க என்ற சொல்லை அவர் மூன்று நிறுத்தம் வரை வாயில் வைத்துக்கொண்டு வந்தார். நாலாவது நிறுத்தத்தில் ஒரு கூட்டம் ஏறியது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொன்னார். அவளுக்குக் கேட்டது.

"அதை விடுங்க" என்றாள். "தையல் என்னோடதுன்னு நாலு பேர் முன்னால சொன்னீங்க பாருங்க. அதுக்காக எத்தனையோ வருஷமா காத்திட்டிருந்தேன்."

வேலை அவளுக்கே கிடைத்தது. கடையில் இனி உறை தைக்க வேண்டியவர் அவர்தான். வாரக் கடைசியில் அவள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கிறாள். தன் மிஷினின் ஊசியை உடைக்க வேண்டாம் என்று அவருக்குத் தனியாக ஒரு பழைய மிஷின் வாங்கி வைத்திருக்கிறாள். அவர் தைக்கிற மூலைகள் இன்னும் நாய்க்காது மாதிரிதான் தொங்குகின்றன. யாராவது அவற்றைப் பார்த்து முகம் சுளித்தால், முன்பு இருந்தது என் வீட்டுக்காரியின் கை என்று இப்போது அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். சொல்லும்போது கொஞ்சம் வலிக்கிறது.

அன்று பஸ்ஸை விட்டு இறங்கும் முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். அவர் சுத்தியலோடு வெளியே போன பிறகு மேனேஜர் அம்மாள் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாராம். பதெட்டிக் என்றாராம்.

"பதட்டமா வந்தேனே, அதனாலயா?"

"இல்லீங்க. பெண்டாட்டி மேல உசிரையே வச்சிருக்கிறவருக்கு அப்படிச் சொல்வாங்களாம்" என்றாள் மனைவி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

சோபாக்காரருக்கு மனசு குளிர்ந்துபோனது. மறுநாள் கடைக்கு வந்த ஒரு படித்த வாடிக்கையாளரிடம், பெரிய ஓட்டல் மேனேஜரே தன்னைப் பதெட்டிக் என்று சொன்னதாகச் சொன்னார். அந்த மனிதருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது, வெளியே போய் வெகுநேரம் இருமினார். பூட்டுக்காரர் தன் கடையிலிருந்து தலையை நீட்டி, அர்த்தம் அண்ணி சொன்னதா, நீங்களே பார்த்ததா என்று கேட்டார்.

அகராதி அலமாரியில்தான் இருக்கிறது. சோபாக்காரர் இதுவரைக்கும் அதை எடுத்துப் பார்க்கவில்லை.