கட்டாயம் ஒன்றுமில்லை

ஸ்டோர் கீப்பர் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முழங்கை மடிப்பில் பஞ்சை வைத்து பிளாஸ்டரை ஒட்டினார். கோணலாகிவிட்டது. பிய்த்து மறுபடி ஒட்டினார். நாலைந்து ரோமம் பிடுங்கிக்கொண்டு வந்தது. ரத்த தானத்தில் அவர் பட்ட வலி அவ்வளவுதான்.

கம்பெனியின் சமூக சேவை நாள் அது; ஆபீஸிலேயே ரத்த தான முகாம். கட்டாயம் ஒன்றுமில்லை என்றது சுற்றறிக்கை. சாயங்காலம் யார் கையில் பிளாஸ்டர் இல்லை என்று பார்க்கிறேன் என்றார் மேனேஜர். வரிசையில் நின்ற ஸ்டோர் கீப்பர் ஊசியைக் கண்டதும் பூனைபோல் நழுவினார். முதலுதவிப் பெட்டி அவர் பொறுப்பில்தானே இருக்கிறது!

வெளியே வந்ததும் மேனேஜரே எதிரில் நின்றார்.

"என்னய்யா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"கொஞ்சம்... ஜாஸ்தியா எடுத்துட்டாங்க சார்."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நாற்காலி வந்தது, பழச்சாறு வந்தது, ஒருவர் ஃபைலால் விசிறினார். கூச்சத்தில் எழப்போனவருக்கு மயக்கம் என்று நினைத்து, காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அந்தக் கோலத்திலேயே படம் பிடித்து அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். கீழே, 'நம் அலுவலகம் நூறு சதவீதம்!'

மறுநாள் காலை லிஃப்ட் ஆபரேட்டர் அந்தப் பலகை முன்னால் நின்றிருந்தார். ஒப்பந்த ஆள், நூறு சதவீதத்தில் சேராதவர்.

"அண்ணே, வீட்டுல அவளுக்கு நாளைக்கு ஆபரேஷன். எந்த குரூப்பா இருந்தாலும் நாலு பேர் அந்த ஆஸ்பத்திரி ரத்த வங்கியில குடுத்தா, அவளுக்கு வேண்டிய ரத்தத்தைத் தருவாங்களாம். இல்லேன்னா தள்ளிப் போட்டுடுவாங்க. நான் குடுத்துட்டேன். இன்னும் மூணு பேரு வேணும். இங்க கேக்கலாம்னு வந்தா, எல்லாருமே நேத்து குடுத்துட்டீங்க. இனி மூணு மாசம் ஆகணுமில்ல?"

"ஆமாப்பா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. "நேத்து மட்டும் குடுக்காம இருந்திருந்தா..."

"நீங்க எதுக்குண்ணே வருத்தப்படறீங்க? நல்ல காரியம்தானே பண்ணியிருக்கீங்க!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார், பிளாஸ்டர் போட்ட இடம் வலிக்காதபடி, மெல்ல.

அப்படி மெல்லப் பிடித்ததைத்தான் தாங்க முடியவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

பல்வலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டார். கர்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் பின்வாசல் வழியாக ரத்த வங்கிக்குள் நுழைந்தார்.

"கடைசியா எப்ப ரத்தம் குடுத்தீங்க?" என்றாள் நர்ஸ்.

"குடுத்ததே இல்லம்மா." தலை தானாகக் குனிந்தது. "நேத்து முகாம்ல குடுத்ததா ஆபீஸ்ல பொய் சொல்லிட்டேன். ஊசின்னா பயம். எங்க லிஃப்ட் ஆபரேட்டர் சம்சாரத்துக்குன்னு எழுதிக்குங்க. ஆபீஸ்ல யாருக்கும் தெரிஞ்சா என் மானம் போயிடும். எங்கயாவது ஒரு ஓரமா, மறைவா..."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படாம மறைக்கறதுக்கு எங்ககிட்ட இருக்கறதே மூணு திரைதான் சார், உங்க ஆபீஸ்ல இருந்து நீங்க பதினாலாவது ஆளு, பேசாம உங்க மேனேஜர் பக்கத்துலயே படுத்துக்குங்க!"