தண்ணி புரோக்கர் பிடித்துக் கொடுத்த லீட்ஸ் வீடு

திருப்பூரில் பாதிப் பேர் எந்தக் கூரைக்குக் கீழே தூங்க வேண்டும் என்று முடிவு செய்தவர் ஒரே ஒரு ஆள். மீதிப் பாதி சொந்த வீட்டுக்காரர்கள். அவர்களை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் நெருப்பெரிச்சல் ஏரியாவில் யாரைக் கேட்டாலும் 'தண்ணி புரோக்கர்' என்பார்கள். நீங்கள் நினைக்கிற தண்ணி இல்லை. டீகூடக் குடிக்காத மனுஷன். வீடு காட்டப் போனால் ஹாலையும் பார்க்க மாட்டார், அடுப்படியையும் பார்க்க மாட்டார். நேராகக் குழாயிடம் போவார், திறப்பார், டாக்டர் மாதிரி காதை வைத்துக் கேட்பார். அப்புறம் வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி: "தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்கா வருமுங்க?"

கல்யாணமான புதிதில் நாங்கள் வீடு தேடியபோது முதல் வீட்டுக்காரர், "தெனமும் வருமுங்க, கொட்டோ கொட்டுன்னு கொட்டும்" என்றார். புரோக்கர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். பின்னாலேயே ஓடிப்போய் ஏன் என்று கேட்டேன். "தண்ணியில பொய் சொல்றவன் வேற எதுல அம்மிணி நெசம் சொல்லுவான்?" என்றார். அடுத்த வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "வாரத்துக்கு ஒருக்கா வந்தா உண்டுங்க. மோட்டாரும் சித்த தகராறு" என்றார். புரோக்கர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "இவரு மனுசன்! பாலைக் காய்ச்சுங்க அம்மிணி!" அந்த வீட்டில்தான் குடமும் கையுமாக இன்னும் குடியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்காரர் தங்கமானவர், அதை மறுக்க முடியாது.

என் மகள் யாழினிக்கு இங்கிலாந்தில், லீட்ஸில் துணித் தொழில்நுட்பம் படிக்க இடம் கிடைத்தது. பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வெள்ளைக்காரன் மெயிலுக்கெல்லாம் பதில் போட்டே தேய்ந்தவள் நான். என் மகள் அந்த ஊருக்கே போகிறாள் என்றதும் கால் தரையில் நிற்கவில்லை. அங்கேதான் வந்தது வினை. காலேஜ் ஹாஸ்டல் நிரம்பிவிட்டது. என் கணவர் வாய் திறந்து பேசுவதே அபூர்வம், அன்றைக்குப் பேசினார். "தங்க எடமில்லாத ஊருக்கு எம்புள்ளைய அனுப்ப மாட்டேன். ரூம் கெடைச்சா பிளேன். இல்லைன்னா இங்கயே ஏதாச்சும் படிக்கட்டும்." யாழினி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யார் சொன்னார்களோ, மறுநாள் சாயங்காலம் புரோக்கர் வாசலில் நின்றார். முகம் உர்ரென்று இருந்தது.

"ஊடு தேடறீங்களாமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேங்க!"

"அண்ணா, அது இங்கிலாந்துலங்க."

"இருந்துட்டுப் போகுது. ஊடுன்னா ஊடுதானுங்களே?"

சம்மணம் போட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார். லீட்ஸ் ஏஜென்ட் பையன் ஒருவன் வீடியோ காலில் ரூமைச் சுற்றிக் காட்டினான். கட்டில், மேஜை, ஹீட்டர், ஜன்னலுக்கு வெளியே மரம் என்று எல்லாம் லட்சணமாக இருந்தது.

"கண்ணு, பைப்பைத் தொறக்கச் சொல்லு."

யாழினி ஆங்கிலத்தில் சொன்னாள். பையன் ஒன்றும் புரியாமல் திறந்தான்.

"எத்தன நாளைக்கு ஒருக்கான்னு கேளு."

"எந்நேரமும் வருமாம் மாமா."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியும்தானாம்."

"எடுத்த எடுப்புலயே பொய்யி! கட் பண்ணு கண்ணு."

அவள் கட் பண்ணவில்லை, அவரே லேப்டாப்பைப் பட்டென்று மூடிவிட்டார். அந்த ரூம் அன்றைக்கே வேறு யாருக்கோ போனது. அடுத்து வந்த ஏஜென்டும் எந்நேரமும் வரும் என்றான். அதற்கடுத்த பெண்மணியும் அதையேதான் சொன்னார். "ஊரே கூட்டுச் சேர்ந்து பொய் சொல்லுது அம்மிணி" என்று எனக்காக வருத்தப்பட்டார் புரோக்கர். எனக்கு வந்ததே கோபம்! "அண்ணா, அங்க நெசமாவே எந்நேரமும் வருமுங்க!" என்று கத்திவிட்டேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற அப்பாவியைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். என் கணவர் டிக்கெட்டைக் கேன்சல் செய்யலாமா என்று கேட்க ஆரம்பித்தார்.

கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு ரூம். வயதான பஞ்சாபி அம்மாள் ஒருவர் தன் வீட்டு மாடி அறையை விடுவதாக இருந்தார். அந்த அம்மாள் யாழினியிடம் ஆங்கிலத்தில் தன்மையாகத்தான் பேசினார். ஆனால், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் பொறுப்பேற்க அந்த நாட்டிலேயே ஒரு ஆள் வேண்டும், அப்படி ஒருவரைக் காட்டாமல் ரூம் தர முடியாது என்றார். எங்களுக்கு அங்கே யாரைத் தெரியும்? அதை எங்களுக்குத் தமிழில் சொல்லும்போதே யாழினிக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. என் கணவர் எழுந்தேவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் பக்கத்தில் யாரிடமோ ஹிந்தியில் ஏதோ சொன்னார். புரோக்கர் நிமிர்ந்தார். பீகார் பையன்களுக்கு ரூம் பிடித்துக் கொடுத்தே ஹிந்தி கற்றவர் அவர். இலக்கணம் கிடக்கட்டும், சத்தம் பிரமாதமாக இருக்கும்.

"பெஹன்ஜி, நமஸ்தே! பானி கித்னா தின் மே ஏக் பார்?"

இங்கேயும் அதே தண்ணிக் கேள்வியா! எனக்கு உயிரே போய்விட்டது. அந்த அம்மாள் ஒரு கணம் விழித்தார், பிறகு ஹிந்தியிலேயே பதில் சொன்னார். கம்பெனியில் காதில் விழுந்த ஹிந்தி எனக்கும் கைகொடுத்தது. தண்ணீர் எப்போதும் வருமாம். ஆனால் வெந்நீர் அப்படியில்லை, காலையில் ஒருவர் குளித்தால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தானாம், பாய்லர் பழசாம்.

"இது ஊடு!" என்று தொடையில் தட்டினார் புரோக்கர். பிறகு குனிந்து, ஏதோ சொந்த அக்காவிடம் பேசுவதுபோல அதே ஹிந்தியில் பேசினார். "உங்க பக்கத்துப் பசங்க இங்க வந்தா யாரும் ஊடு தர மாட்டேங்கறாங்க, பெஹன்ஜி. 'இவனுக்கு யாரு ஜவாப்பு'ன்னு கேக்கறாங்க. 'நான் ஜவாப்பு'ன்னு சொல்லி நானே குடி வைக்கறேன். இப்ப எங்க புள்ள உங்க ஊருக்கு வருது. அங்க நாங்க யாரைப் போயித் தேடறது? நீங்களே ஜவாப்பா இருந்துக்குங்க."

வீட்டுக்காரம்மாவையே ஜாமீனாக நிற்கச் சொன்ன புரோக்கர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். பஞ்சாப் வேறு, பீகார் வேறு என்று அந்த அம்மாளும் திருத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அப்புறம் யாழினியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ரொட்டி சாப்பிடுவாயா?"

"சாப்பிடுவா, சாப்பிடுவா!" என்று ஹிந்தியில் முந்திக்கொண்டது யார் என்று நினைக்கிறீர்கள்? என் கணவர்!

கிளம்புகிற அன்று புரோக்கர் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடத்தோடு வந்தார். "எந்நேரமும் வருமுன்னு அந்தம்மாளும்தான் சொல்லிச்சு. எதுக்கும் ஒரு கொடம் புடிச்சு வெச்சுக்க கண்ணு." வேண்டாம் என்றால் மனசு நோகுமே என்று, குடத்துக்குள் பனியன்களைத் திணித்துப் பெட்டியில் வைத்து அனுப்பினோம்.

யாழினி போய் வருஷம் ஒன்றாகப் போகிறது. அவள் தங்கியிருக்கும் வீட்டில் ஒரு நாள்கூடக் குழாய்த் தண்ணீர் நின்றதில்லை. போன வாரம் வீடியோ காலில் பேசும்போது பார்த்தேன். அவள் மேஜைக்குக் கீழே அந்தப் பச்சைக் குடம், கழுத்து வரைக்கும் தண்ணீர்.

"ஏன்டி, அதையெல்லாம் இன்னுமா புடிச்சு வெக்கற?"

"மாமா போன் பண்ணுனா மொதல்ல அதைத்தானம்மா கேப்பாரு. அவருகிட்டப் போயி பொய் சொல்ல முடியுமா?"