தொப்பி வந்து சொல்லட்டும்

மூலக்குளம்

மரியாதைக்குரிய காத்தவராயன் மாமாவுக்கு,

உங்கள் மருமகன் செம்மல் எழுதுவது. ஓசூரில் நீங்களும் உங்கள் கம்பெனியும் நலமாக இருப்பீர்கள். இங்கே அத்தையின் வலது மணிக்கட்டைத் தவிர எல்லாரும் நலம். "பாத்ரூம்ல வழுக்கிடுச்சி" என்று அத்தை உங்களிடம் போனில் சொன்னது பொய். காரணம் நான்தான். நானும், நீங்கள் வாங்கிக் கொடுத்த செக்யூரிட்டி வேலையும், அந்தத் தொப்பியும்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்குக் கொடுத்த தொப்பி, நம் ஊர் போலீஸ் போடும் கெப்பி என்கிற சிவப்புத் தொப்பி போலவே இருக்கும். தூரத்தில் பார்த்தால் போலீஸ், கிட்டே வந்தால் நான். பி.எஸ்சி. முடித்துவிட்டு இந்தத் தெருவில் அலைந்தபோது என்னை எவனும் மதித்ததில்லை. தொப்பி போட்ட அன்று எதிர்வீட்டு நாயே எழுந்து வழிவிட்டது.

போன திங்கட்கிழமை புது ஏசி ஹாலுக்குத் திறப்பு விழா. ரிப்பன் வெட்டுகிற பெரிய மனிதர் வரும்வரை ஒருவரையும் உள்ளே விடக்கூடாது என்று மேனேஜர் ராமலிங்கம் உத்தரவு போட்டார். "நாற்காலியெல்லாம் புதுசுடா. போட்டோ எடுத்தப்புறம் உக்காரட்டும்." வாசலில் நின்றதெல்லாம் சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வந்த ஜனம். நான் உடைந்த செங்கல்லால் தரையில் ஒரு கோடு கிழித்தேன், அவ்வளவுதான் மாமா, பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சட்டையைக் கிழித்துக்கொள்கிற அதே ஜனம், கோட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றது. வெயில் ஏறியது. நிழல் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடந்தது. ஒருவர்கூடத் தாண்டவில்லை. மேனேஜர் டீ குடிக்கப் போனால் "கொஞ்சம் பொறுத்துக்கம்மா" என்பேன். அவர் பக்கத்தில் வந்து நின்றால் அதே வாய் "ஏய், பின்னால போ!" என்று குரைக்கும். அவர் மிரட்டவே இல்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

வரிசையில் அத்தையும் நின்றார். மேனேஜர் விருந்தாளியை அழைத்துவர ரோட்டு முனைக்குப் போன நேரம் பார்த்து, "அத்த, நீங்க ஓரமா உள்ள போயி உக்காருங்க" என்றேன்.

"ஐயய்யோ, வேணாம் சார். எல்லாரும் நிக்கறாங்கல்ல?"

"அத்த, நான் செம்மலு!"

"தெரியுது சார்."

பிறந்தபோது என்னைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர், மாமா. கொஞ்ச நேரத்தில் சுருண்டு விழுந்தார், கை அடியில் மாட்டிக்கொண்டது. விழும்போதுகூடக் கோட்டுக்கு அந்தப் பக்கமாகத்தான் விழுந்தார்.

எனக்கு வெறி வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி வீசினேன். கதவைத் திறந்து, "எல்லாரும் உள்ள போங்க, நாற்காலி சும்மாதான் கெடக்குது!" என்று கத்தினேன். ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற பெரியவர், "யாருப்பா நீ? தொப்பி போட்டவரு வந்து சொல்லட்டும்" என்றார்.

"யோவ், நான்தான்யா அது!"

"அதெல்லாம் அவரு வரட்டும்."

குனிந்து தொப்பியை எடுத்து, மண்ணைத் தட்டி மாட்டிக்கொண்டு, "உள்ள போங்கய்யா!" என்று அதட்டினேன். போனார்கள். வரிசை கலையாமல், செருப்பை வெளியே விட்டுவிட்டு.

அத்தையை ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு எங்கள் வீட்டுக்கே அழைத்துவந்துவிட்டேன். அதோடு அந்த வேலைக்கும் முழுக்கு. "சொன்னத செய், வாயத் தெறக்காத" என்று சொல்லித்தானே என்னை அனுப்பினீர்கள்? அந்தப் புத்திமதியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இனி எவன் சொன்னாலும் ஏன் என்று கேட்பேன்.

உங்கள் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
இனி யாருக்கும் தலையாட்டாத
செம்மல்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மேனேஜர் போன் செய்தார். "நாளைக்கு டூட்டிக்கு வந்துடு. தொப்பியத் தொவச்சி எடுத்துட்டு வா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. "சரிங்க சார்" என்றேன். எழுந்து நின்றுதான் பேசியிருக்கிறேன் என்பது, கட்டிலில் இருந்த அத்தையும் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. போனை வைத்துவிட்டேன். அத்தை இன்னும் உட்காரவில்லை. நான் சொல்லட்டும் என்று நிற்கிறார்.