சமாதானப் படகு

இரண்டு பேர் பேசாமல் இருந்தால் அவர்களை அப்படியே விட்டுவிட வேண்டும். வருவோர் போவோர் எல்லோரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். ஒருத்தரும் கேட்பதில்லை. அன்றைக்கு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் கேட்டிருக்க மாட்டேன். (சொன்னவளோடயும் ஒரு சண்டை பிடிச்சிருப்பேன், அது வேற.)

ஜெபா, நூர்ஜஹான், நான் மூவரும் ரயில் தோழிகள். தினமும் செம்பூரில் ஏறி, ஒரே லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள். ஜெபாவுக்குப் பூர்வீகம் நாசரேத் பக்கம். நூர்ஜஹானின் அப்பாவுக்கு தாராவியில் தோல்பை பட்டறை. மாலையில் யார் முதலில் ஏறுகிறாளோ அவள் கைப்பையையும் துப்பட்டாவையும் வீசி மற்ற இருவருக்கும் சீட் பிடிக்க வேண்டும். பம்பாயில் அண்ணன் தம்பி உறவைக்கூட முறித்துக்கொள்ளலாம், இதை முறிக்கக் கூடாது.

ஜெபா முறித்தாள். நூர்ஜஹானுக்காகப் பிடித்த சீட்டைத் தன் ஆபீஸ் மேனேஜரம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். கூட்டத்தில் நசுங்கி நின்றபடியே நூர்ஜஹான் செம்பூர் வரை வந்தாள். இறங்கும்போது, "மேடத்துக்கு ஜால்ரா தட்டணும்னா ஒன் சீட்டக் குடுக்க வேண்டியதுதானளா!" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர, இரண்டு பேரில் ஒருத்தியாவது ரயிலை மாற்றினாளா? இல்லை. அதே டப்பா, நடுவில் நான். "உமா, அவள ஜன்னலச் சாத்தச் சொல்லு." "உமா, அவளுக்குக் கை இல்லையான்னு கேளு." மாதக்கணக்கில் தபால்காரி உத்தியோகம் பார்த்தேன். எனக்கு அந்த இருவரை விட்டால் மனம் விட்டுப் பேச வேறு ஆள் கிடையாது. பழையபடி மூன்று பேரும் சேர்ந்து சிரித்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகச் சாமிக்கு வேண்டிக்கொண்டதெல்லாம் உண்டு.

மார்ச் மாதம் வந்தது. கழிமுகத்தில் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் இறங்கியிருப்பதாக ஆபீசில் பேசிக்கொண்டார்கள். டிராம்பே தாண்டி ஒரு கோலி மீனவர் கிராமத்தில் படகு கிடைக்குமாம். எனக்குப் பறவை பற்றித் தெரிந்ததெல்லாம் காக்காயும் புறாவும்தான். ஆனால் படகு என்றதும் புத்தி வேலை செய்தது. ரயிலில் கோபம் வந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடலாம். படகில் எங்கே இறங்குவார்கள்?

நூர்ஜஹானிடம், "ஜெபா உன்ன நெனச்சு ராத்திரியெல்லாம் அழறாடி" என்றேன். ஜெபாவிடம், "நூரு உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணுமாம், ஞாயித்துக்கிழமை படகுக்கு வரச் சொன்னா" என்றேன். (சமாதானம் பேசுறவங்க எல்லாரும் செய்யுறதுதானே? இப்பவும் இதுல என்ன தப்புன்னு எனக்குப் புரியல.)

ஞாயிற்றுக்கிழமை காலை கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கம்புகளில் பொம்பில் மீன் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஆபீசில் இரவல் வாங்கிய பைனாகுலரை நான் கழுத்தில் மாட்டியிருந்தேன். அதை ஒரு பக்கமாகக் கண்ணில் வைத்து, "ரொம்பத் தூரத்துல இருக்குடி" என்றேன். படகுக்காரர் அதை வாங்கி, முன்பின்னாக மாற்றிக் கையில் கொடுத்தார்.

படகின் முன்நுனியில் நூர்ஜஹான், பின்நுனியில் ஜெபா. நடுப்பலகையில் எலுமிச்சை சாத டப்பாவோடு நான். தூரத்தில் தண்ணீருக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. "அவுர் ஆகே, பையா, அவுர் ஆகே" என்று இன்னும் முன்னால் போகச் சொல்லி நச்சரித்தேன். கிட்டே போகப் போகப் பேச நேரம் கிடைக்குமே. அவரும் "சல்தா ஹை", பரவாயில்லை என்று படகை விட்டுக்கொண்டே போனார். கடைசியில் படகு 'சொத்'தென்று உட்கார்ந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரமாம். மறுபடி ஏறும் வரை இங்கேயே கிடக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார் மனிதர்.

சுற்றிலும் சேறு. இறங்கினால் இடுப்புவரை போகும். கிளம்பும்போது இரண்டு டீ வேறு குடித்திருந்தேன். அந்த வேதனையை விவரிக்க வேண்டாம்.

ரொம்ப நேரம் கழித்து ஜெபா ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னாள்: "மன்னிப்புக் கேக்க வந்தவ வாயத் தொறக்கலாம்லா."

"யாரு மன்னிப்புக் கேக்க வந்தா? ராத்திரியெல்லாம் அழுதவ நீயில்ல?"

"நானா? நான் எதுக்குட்டி அழுவுதேன்?"

இரண்டு தலையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின.

அந்த நேரம் பார்த்துத்தான் பூநாரைகள் வந்தன. ஓசையே இல்லாமல், குச்சிக் கால்களைத் தூக்கித் தூக்கி வைத்து, படகுக்கு அத்தனை பக்கத்தில். நூற்றுக்கணக்கில். அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "ஐயோ, அங்க பாருங்கடி!" என்றேன்.

"வாய மூடுட்டி!" "வாய மூடுளா!"

மாதக்கணக்கில் பேசாதவர்கள் சேர்ந்தாற்போல் சொன்ன முதல் வார்த்தை. பறவைகள் மொத்தமாக எழும்பிப் போய்விட்டன. அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீ நடுவுல நிக்கலன்னா ரெண்டே நாள்ல நாங்க சண்டையப் போட்டு முடிச்சிருப்போம்ளா" என்றாள் நூர்ஜஹான். "அவ சொன்னத இவகிட்ட, இவ சொன்னத அவகிட்ட. நல்லா டைம்பாஸ் பண்ணிட்டியே!"

"நான் உங்க நல்லதுக்குத்தாண்டி..."

"ஒரு நல்லதும் வேண்டாம், நீ சும்மா இரி" என்றாள் ஜெபா. என்னைத் தாண்டி நடந்து போய், நூர்ஜஹான் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாண்டும்போது என் சாத டப்பாவை மிதித்தாள். அது தெரியாமல் பட்டதென்று இன்றுவரை நம்பப் பார்க்கிறேன்.

நூர்ஜஹான் பையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். "இந்தா. ஒனக்குத் தவக்காலம்லா, கறி தொடமாட்டியே. அதான் இடியாப்பமும் தேங்காப்பாலும் கொண்டாந்தேன்."

ஜெபா அழுதாள். நான் சொன்ன பொய் அம்பலமான அரை மணி நேரத்தில் உண்மையாகிவிட்டது. அதற்காவது ஒரு நன்றி? இரண்டு பேரும் ஒரே தூக்கில் கை வைத்துச் சாப்பிட்டார்கள். ஒரு வாய் சாப்பிடுகிறாயா என்று என்னை ஒருத்தியும் கேட்கவில்லை. தண்ணீர் ஏறும் வரை நான் படகுக்காரரின் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் வேறு ரயிலில் போகிறேன். ஜெபா நெருளில் வீடு வாங்கிப் பால் காய்ச்சியதை நூர்ஜஹானின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் பார்த்தேன். வருஷா வருஷம் பங்குனி வெயில் தொடங்கினால் இருவரும் குடும்பத்தோடு பூநாரை பார்க்கப் போகிறார்கள். அதற்கும் போட்டோ வரும். நானும் லைக் போடுவேன்.

எங்கள் வீட்டில் இது தீராத கேலி. கணவரும் மாமியாரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் என் மகள், "அம்மாவ நடுவுல விடுங்க, ரெண்டு பேரும் உடனே சேர்ந்துருவீங்க" என்பாள். உடனே சேர்ந்துவிடுவார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பதற்கு.

போன வாரம் மறுபடி ஒரு போட்டோ வந்தது. நான் முணுமுணுத்துக்கொண்டே போனைக் கவிழ்த்து வைத்தேன். கணவர் கேட்டார்: "எதுக்குத் திட்டற? அவங்க சேரணும்னுதானே நெனச்ச? சேர்ந்துட்டாங்கல்ல?"

சேர்ந்துவிட்டார்கள்தான். சேருவது மூன்று பேர் என்று நான் நினைத்திருந்தேன்.