மூணு கலர் டீச்சர்

ஆரணியில் எழுத்து பதிந்த காகிதம் எதுவும் மூணு கலர் டீச்சரிடமிருந்து தப்பித்ததில்லை. சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கரண்ட் பில், மிளகாய்ப் பொட்டலமாக வந்த பழைய பரீட்சைத் தாள் என்று எதைக் கண்டாலும் அந்த அம்மாள் நின்ற இடத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இத எதுக்கு எழுதினான்?" என்று கேட்பார். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகளைக் கேட்பார். இல்லாவிட்டால் யார் இருக்கிறார்களோ அவர்களை.

கண்ணமங்கலத்திலிருந்து தினமும் காலை பஸ்ஸில் வருவார். பஸ்ஸுக்குள் 'கரம் சிரம் புறம் நீட்டாதீர்' என்று எழுதியிருப்பது எதற்காக என்று ஒருநாள் கண்டக்டரைக் கேட்டுவிட்டு, பதில் வரும் வரை டிக்கெட் வாங்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாராம். "நீங்க இறங்குற வரைக்கும் எனக்கு நிம்மதி இல்லன்னு எழுதியிருக்குதுங்க" என்றாராம் கண்டக்டர். டீச்சர் அதற்குக் கோபப்படவில்லை. கொண்டையில் எப்போதும் செருகியிருக்கும் பென்சிலை உருவி, டிக்கெட்டின் மேல் ஒரு ரைட் போட்டுக் கண்டக்டரிடமே கொடுத்தாராம். சரியாகவோ சுவையாகவோ யார் பதில் சொன்னாலும் அந்தப் பென்சில் இறங்கி வரும். எங்கள் ஊரில் அவர் கையால் ரைட் வாங்கிய பால்காரர்கள் உண்டு.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருந்திருக்கும். நாங்கள் யாரும் கேட்டுக்கொண்டதில்லை. மூணு கலர் டீச்சர் என்றால் தபால்காரருக்கும் தெரியும்.

அந்த மூன்று கலர் என்னவென்றால், பட்டு நூல். எங்கள் ஊரில் தறி இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக்கூடப் பக்கத்து வீட்டுத் தறி உண்டு. பாவு நூல் தீர்ந்ததும் அறுந்து மிஞ்சும் நூல் துண்டுகள் வீட்டுக்கு வீடு தரையில் கிடக்கும். டீச்சர் நான்காம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு காலி பவுடர் டப்பா கொண்டுவரச் சொல்லி, அதில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்று நூலைச் சேர்க்கச் சொன்னார். எந்தக் காகிதத்தைப் படித்தாலும் மூலையில் ஓட்டை போட்டு ஒரு நூல் கட்ட வேண்டும். உன்னிடம் ஏதோ கேட்பதற்காக எழுதினவனுக்குச் சிவப்பு. உனக்கு ஒன்று தெரியட்டும் என்று எழுதினவனுக்குப் பச்சை. நீ சந்தோஷப்படட்டும் என்று எழுதினவனுக்கு மஞ்சள்.

கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கும். என் மகள் தேவகி அந்த வகுப்புக்குப் போன பத்தாம் நாள் எங்கள் வீட்டில் நூல் தொங்காத காகிதம் இல்லை. நாள்காட்டியில் பச்சை. ரேஷன் கார்டில் பச்சை. கடிகாரத்தோடு வந்த உத்தரவாதச் சீட்டில் சிவப்பு. ஏன் என்று கேட்டால், "அடுத்த கடிகாரமும் எங்ககிட்டயே வாங்குன்றான்மா" என்றாள். என் கணவரின் பெரியப்பா தன் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டு வெற்றிலை மெல்லும் நேரத்துக்குள் அதன் மஞ்சள் தடவிய மூலையில் சிவப்பு நூல் தொங்கியது. "நீங்க எங்கள வரச் சொல்லித்தானே கேக்குறீங்க?" என்று தேவகி விளக்கம் சொன்னாள். அவர், "கேக்குறது இன்னாமா, வரலன்னா நானே வந்து தூக்கிகினு போவேன்" என்று சொன்னதால் குடும்பம் பிழைத்தது.

தேர்தல் வந்த மாதம் எங்கள் தெருவில் சிவப்பு நூல் தீர்ந்துபோயிற்று. பிள்ளைகள் அத்தனை நோட்டீஸுக்கும் கட்டிவிட்டார்கள். தேவகி தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவிலேயே கத்தரிக்கோலை வைக்கப் போய், என் கணவர் தறிக்குழியிலிருந்து எகிறி வந்தார். "இன்னாடி பேஜாரு இது? உங்க டீச்சரு புடவைய அறுத்துக் கட்டச் சொல்லு" என்றார். அன்று முதல் டீச்சர் தெருவில் வந்தால் அவர் தறிக்குழிக்குள் தலையை இழுத்துக்கொள்வார்.

பள்ளிக்கூட ஆய்வுக்கு இன்ஸ்பெக்டர் வந்த கதையை ஊரே சொல்லும். அவர் அனுப்பியிருந்த சுற்றறிக்கை தகவல் பலகையில் மஞ்சள் நூலோடு தொங்கிக்கொண்டிருந்தது. மனிதர் கேட்டார், இது என்ன? ஒரு பெண் எழுந்து, அதைப் படித்தபோது டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதனால் மஞ்சள் கட்டினேன் என்றது. தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. மூணு கலர் டீச்சர் மட்டும் நிதானமாக அந்தப் பெண்ணிடம், "தப்பும்மா. படிக்கிறவ சிரிச்சா மட்டும் மஞ்சள் ஆயிடாது. எழுதினவரு சிரிக்க வைக்கணும்னு நினைச்சிருக்கணும். சார் பாவம், அப்படி நினைக்கவே இல்ல" என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் கண்முன்னே மஞ்சளை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டினார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது ஒரு கடிதத்தால். நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. நெசவாளர் சங்கம் ஒன்றில் எழுத்து வேலை. தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒருநாள் வேலூரிலிருக்கும் என் அண்ணனுக்கு நலம் விசாரித்து இரண்டு பக்கம் எழுதி, கடைசியில், முடிந்தால் ஒரு பிரஷர் குக்கர் பார்த்து வைக்கவும் என்று சேர்த்திருந்தேன். உறையில் போடத் திரும்பினால் கடிதத்தில் சிவப்பு நூல்.

"கடைசி வரிக்காகத்தானேமா எழுதினே?" என்றாள் தேவகி.

மறுநாள் நேராகப் பள்ளிக்கூடம் போனேன். பெற்ற தாயின் கடிதத்தையே சந்தேகப்படச் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்டேன். டீச்சர் என்னைப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்காரவைத்து முழுவதையும் கேட்டுக்கொண்டார். கேக்குறது தப்புன்னு யார் சொன்னது, அண்ணன்கிட்ட கேக்காம யார்கிட்ட கேப்பீங்க என்றார். பிறகு, "குக்கர் வந்துச்சா?" என்றார். நான் கோபத்தோடு எழுந்து வந்துவிட்டேன்.

இவ்வளவு கோபத்துக்கும் அடியில் இருந்தது பயம். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. தேவகிக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண். வேலூரில் பெரிய டாக்டர் பார்த்து, தினம் இரண்டு வேளை மாத்திரை, சில வருடங்களுக்கு ஒருநாளும் விடக்கூடாது என்று சொல்லி, அதைத் தமிழில் ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரையைத் தெருவில் யாருக்கும் தெரியாமல் அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தேன். நாளைக்கு யார் இவளைக் கட்டுவார்கள் என்ற நினைப்பு எனக்கு அவள் ஒன்பது வயதிலேயே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருவருக்குத்தான் சொல்லியிருந்தேன்.

அப்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. பஸ் ஸ்டாண்டில் கொடுத்தார்கள். களம்பூர் அரிசி மில்லில் வேலை செய்யும் ஒரு தாயின் கண்ணீர்க் கதை என்று தொடங்கியது. ஒரே மகள், காக்காய் வலிப்பு, பார்க்காத வைத்தியமில்லை. என்னைப் பற்றி எனக்கே யாரோ எழுதியது போலிருந்தது. நடுவில் மூளை நரம்பைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில், பரம்பரை வைத்தியர் ஆரணி லாட்ஜ் ஒன்றில் சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் இருப்பார், ஒரே வேளை மருந்தில் நிரந்தர குணம். வருபவர்கள் இரண்டு நாள் முன்பே இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும்.

தெருவுக்கே கடிதம் படித்துச் சொல்கிற நான், வியாழக்கிழமை மாத்திரையை நிறுத்தினேன். கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை லாட்ஜ் மாடிப்படியில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் பத்துப் பேர். நோட்டீஸை மடித்து என் மடியில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தேவகி அதை எடுத்து விரித்து, பவுடர் டப்பாவையும் திறந்து வைத்திருக்கிறாள். மூலையில் மஞ்சள் கட்டினாள். பக்கத்தில் பச்சை கட்டினாள். இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டையும் அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கட்டினாள்.

"சும்மா இருடி. எல்லாரும் பாக்குறாங்க."

"கதை இருக்குதேன்னு மஞ்சள் கட்டினேன்மா. நரம்பு பத்தி சொல்றாரேன்னு பச்சை கட்டினேன். ஆனா அது ரெண்டும் எதுக்கு? சனி ஞாயிறு வந்துடுங்கன்னு சொல்றதுக்குத்தானே?"

நான் நோட்டீஸை வாங்கி மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வேலூர் டாக்டர் தாளு பச்சைம்மா. ஒருநாள்கூட விடக்கூடாதுன்னு போட்டிருக்குது. இவரு நிறுத்திட்டு வான்றாரு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவருக்கு எங்கிட்ட இன்னா வேணும்மா?"

மாத்திரையை நிறுத்தினது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு நாளாக என்னிடம் கேட்கவில்லை. அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து நின்று, "அடுப்புல பால் வச்சிட்டு வந்துட்டேங்க" என்று சொல்லி, பெண்ணை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன். பின்னாலிருந்து ஒருவர், ஜல்தி போம்மா, பொங்கிடும் என்று அக்கறையாகச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் அரிசி டிரம்மில் கைவிட்டு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் விட்டதற்கு உடம்பு திங்கட்கிழமை பதில் சொன்னது. வகுப்பிலேயே வலிப்பு வந்துவிட்டது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, தேவகி டீச்சர் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். டீச்சர்தான் பெஞ்சுகளை ஒதுக்கி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, யாரையும் அவள் கையைக் காலைப் பிடிக்கவிடாமல் பார்த்துக்கொண்டாராம். யாரோ வழக்கம்போல் இரும்புச் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிக்கப் போக, "பீரோவைத் திறக்கவா போறா? மேசைமேல வைங்க" என்றாராம்.

அன்று சாயங்காலம் தன் பஸ்ஸை விட்டுவிட்டு டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் தறிக்குழிக்குள் போய்விட்டார். நான் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் அந்த நோட்டீஸைத்தான் கேட்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நல்லா எழுதியிருக்கான்" என்றார். "ஒரு அம்மாவோட பயம் இவனுக்கு அத்துப்படி."

"நான் படிச்சவ டீச்சர்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"படிச்சது சரிதாம்மா. பயந்துகினு படிச்சா எல்லாமே பச்சையாத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான்." பிறகு மூலையில் தொங்கிய சிவப்பு நூலை விரலால் தொட்டார். "இத யாரு கட்டினது?"

"நான்தான் டீச்சர்" என்றாள் பாயிலிருந்து தேவகி. "லாட்ஜுல உட்கார்ந்துகினு இருக்கசொல்ல."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நோட்டீஸின் மூலையில், நூலுக்குப் பக்கத்தில், பெரிதாக ஒரு ரைட் போட்டார். பிறகு எதுவும் நடக்காததுபோல் தறிப்பக்கம் திரும்பி, சுவரிலிருந்த நாள்காட்டியைக் காட்டி, "ஏங்க, இத எதுக்கு எழுதினான்?" என்று கேட்டார். தறிக்குழியிலிருந்து, "காபி குடிக்கிறீங்களா டீச்சர்?" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். சந்தவாசல் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள். விலாசம் வாங்கிவைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. அந்த லாட்ஜ் இருக்கும் தெருவில் நான் இன்றும் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறேன். அந்த நோட்டீஸ், நூலோடும் ரைட்டோடும், வேலூர் டாக்டரின் தாளுக்குப் பக்கத்தில் என் பீரோவில் இருக்கிறது.

இதுவரை படித்ததில் நீங்கள் எங்காவது சிரித்திருந்தால், அதை வைத்து இதற்கு மஞ்சள் நூல் கட்டிவிடாதீர்கள். இது சிவப்பு. எனக்கு உங்களிடம் ஒன்று வேண்டும். சந்தவாசல் பஸ்ஸில், கொண்டையில் பென்சில் செருகிய ஒரு வயதான அம்மாள் உங்கள் கையிலிருக்கும் இந்தப் பத்திரிகையை எட்டிப் பார்த்து, இதை எதுக்கு எழுதினான் என்று கேட்டால், தேவகியின் அம்மா எழுதியது என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒருவேளைகூட மாத்திரையை விடவில்லை, போன வருடம் வேலூர் டாக்டரே நிறுத்திவிட்டார் என்று சொல்லுங்கள். அவர் பென்சிலை எடுத்தால், பக்கத்தை விரித்துப் பிடியுங்கள்.