போன வருஷம் மாதிரியே

"போன வருஷம் மாதிரியே நடத்திடுங்க. எனக்கு அது போதும்."

அவ்வளவுதான் சொன்னார் இயக்குநர். போனை வைத்துவிட்டார். பொறுப்பாளர் ஒரு கையில் போனும் மறு கையில் பாத்திரம் தேய்க்கும் நாருமாகத் தொட்டி முன்னால் நின்றார். குழாய் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணியை மூடுங்க. என்ன சொன்னாரு? வராரா, இல்லையா?" என்றாள் மனைவி.

"வராரு. ஆனா குத்திக் காட்டிட்டாரு."

"என்னன்னு?"

"போன வருஷம் மாதிரியே நடத்தணுமாம்."

மனைவியே குழாயை மூடினாள். போன வருஷம் நடந்ததை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

திரைப்பட விழாவில் படைப்பாளிகளோடு உரையாடும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அதற்கு இவர்தான் பொறுப்பாளர். படம் முடிந்ததும் அதை எடுத்தவரை மேடையில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, நாலு கேள்வி கேட்டுவிட்டு, "இனி நீங்க கேக்கலாம்" என்று மைக்கோடு கூட்டத்துக்குள் இறங்குவார். அவராகவே கேட்டு வாங்கி, அடம்பிடித்து ஆரம்பித்த நிகழ்ச்சி. இயக்குநர்கள் வந்தார்கள், ஒளிப்பதிவாளர்கள் வந்தார்கள், ஒரு நடிகை வந்து அழுதுவிட்டுக்கூடப் போனார். எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தது, போன வருஷம் இந்த இயக்குநர் வந்து உட்காரும்வரை.

அன்றைக்கு "இனி நீங்க கேக்கலாம்" என்று சொன்னதும் அரங்கமே பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு கை எழவில்லை. கடைசி வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பொறுப்பாளர் பாய்ந்து ஓடி மைக்கை நீட்டினார். "இருமல்தாங்க," என்று மைக்கிலேயே சொன்னார் அந்த மனிதர். மேடையில் இயக்குநர் ஒரு புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எவ்வளவு மனம் நொந்திருந்தால் ஒரு மனிதர் அப்படிச் சிரிப்பார் என்று நினைத்து நினைத்துப் பொறுப்பாளர் ஒரு வருஷமாகப் புழுங்கிக்கொண்டிருந்தார்.

விழாத் தலைவி வேறு நேற்றுக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள். "இந்த வருஷமும் சாவு வீடு மாதிரி இருந்துச்சுன்னா, அடுத்த வருஷம் உரையாடலே வேணாம். அந்த நேரத்துக்கு இன்னொரு படத்தைப் போட்டுக்கலாம்."

அதனால் அவர் முடிவு செய்துவிட்டார். நார் கையில் இருக்கும்போதே முடிவு செய்தார்.

"நீ வந்து ஒரு கேள்வி கேளு."

"நானா?" என்றாள் மனைவி. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதே அவள் பிழைப்பு. "என்ன கேக்கணும்?"

"உங்க படத்துல மௌனத்துக்கு ஏன் இவ்ளோ இடம்னு கேளு. அது எந்தப் படத்துக்கும் பொருந்தும்."

"படம் எதைப் பத்தி?"

"ஒருத்தன் வேலைக்குக் கிளம்பறான். பாதி வழியில, வீட்டைப் பூட்டினோமான்னு சந்தேகம் வருது. திரும்பி நடக்கறான்."

"அப்புறம்?"

"அவ்ளோதான். ரெண்டு மணி நேரம்."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் வருகிறேன் என்றாள். நல்லவள்.

பிரச்சினை அங்கேயே முடிந்திருக்க வேண்டியது. ஆனால் ராத்திரி சாப்பிடும்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரே ஒரு கேள்வி வந்து நின்றுவிட்டால் அது சும்மா இருப்பதைவிடக் கேவலம். உடனே மச்சானுக்குப் போன் போட்டார். தண்ணீர் மோட்டார் விற்கிற மச்சான், அக்கா வீட்டுக்காரர் ஒன்று கேட்டால் மறுக்கத் தெரியாதவன். "சரி மாமா," என்றான். அவனுக்கு, "இந்தக் கதை உங்களுக்குள் எப்படிப் பிறந்தது?" என்ற கேள்வி ஒதுக்கப்பட்டது.

இதையெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டே மாமியார் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா மாப்பிள்ளை?"

"அத்தை, உங்களுக்கு எதுக்கு அலைச்சல்னு..."

"மக கேக்கலாம், மகன் கேக்கலாம், எனக்கு மட்டும் வாய் இல்ல. அப்படித்தானே?"

மாமியாருக்கு, "இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்ற கேள்வி தரப்பட்டது.

"இளைஞர்களுக்கு நான் எதுக்குக் கேக்கணும்? அவங்களுக்கு வேணும்னா அவங்க கேக்க மாட்டாங்களா?" என்றார் மாமியார். அதில் நியாயம் இருந்ததால் பொறுப்பாளர் குழம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மூன்று பேரும் சேர்ந்து வந்து சேர்ந்து உட்கார்ந்தால் குட்டு உடைந்துவிடும். ஆகவே பக்கவாட்டுக் கதவைத் தானே திறந்துவிடுவதாகவும், அதன் வழியாக ஒவ்வொருவராக நுழைந்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வேண்டும் என்றும் ஏற்பாடு. யார் எப்போது கேட்பது என்பதற்குச் சைகை. அவர் தன் கண்ணாடியை ஒரு தரம் தொட்டால் மனைவி, இரண்டு தரம் தொட்டால் மச்சான், மூன்று தரம் என்றால் மாமியார்.

"கண்ணாடின்னதும் ஞாபகம் வருது. அது மூக்குல நிக்காம வழுக்கிக்கிட்டே இருக்கு. கடைக்கு எடுத்துட்டு வாங்க, ஒரு திருகு திருகித் தரேன்," என்றாள் மனைவி.

"விழா முடியட்டும்," என்றார் அவர்.

விழா அன்று மாலை அரங்கு நிறைந்துவிட்டது. முன்வாசலில் இயக்குநரின் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த, சாதுவான மனிதர். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து கும்பிட்டு ஏதோ இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். கூடத்தின் மறு கோடியிலிருந்து அதைப் பார்த்த பொறுப்பாளருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. டிரைவருக்கே இவ்வளவு மரியாதை தெரிகிறதே, அப்பேர்ப்பட்ட மனிதரையா போன வருஷம் அப்படி நோகடித்தோம் என்று வருந்தினார். பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து தன் குடும்பத்தை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்.

படம் ஓடியது. அந்த ஆள் நடந்தான், நின்றான், சட்டைப்பையைத் தடவினான், திரும்பினான், மறுபடி நடந்தான். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கு எரிந்தது. நல்ல கைதட்டல். இயக்குநர் மேடைக்கு வந்து, போன வருஷம் போலவே அதே புன்னகையோடு உட்கார்ந்தார்.

"இந்தப் படத்துல வர்ற தெரு, அந்த மனுஷனோட மனசுன்னு சொல்லலாமா?" என்று ஆரம்பித்தார் பொறுப்பாளர்.

"சொல்லலாம்."

"அப்ப கதவு?"

"அதையும் சொல்லலாம்."

இன்னும் இரண்டு கேள்விக்கும் பதில் அதே அளவில்தான் வந்தது. பொறுப்பாளருக்குக் கைவசம் இருந்தது தீர்ந்துபோயிற்று. "இனி நீங்க கேக்கலாம்," என்று மைக்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

குண்டூசி விழுந்தால் கேட்கும். முகம் முகமாகப் பார்த்தார். எல்லோரும் அன்பாகத்தான் பார்த்தார்கள், ஆனால் வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் தலைவி கையைக் கட்டிக்கொண்டாள். பொறுப்பாளர் கண்ணாடியை ஒரு தரம் தொட்டார்.

மனைவி எழுந்தாள். ஆனால் வேர்வையில் கண்ணாடி வழுக்கியது. தூக்கிவிட்டார். மச்சான் எழுந்தான். மறுபடி வழுக்கியது, மறுபடி தூக்கினார். அதோ அந்த மூலையில் மாமியாரும் எழுந்துவிட்டார். நாலாவது தரமும் தூக்கினார். அதற்கு யார் என்று பேசி வைக்காததால் மூவரும் குழம்பி உட்கார்ந்துவிட்டார்கள்.

இந்தச் சனியனே வேண்டாம் என்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அதோடு அவருக்கு எல்லாம் புகை மூட்டமாகிவிட்டது. கை உயர்ந்த மாதிரி தெரிந்த ஓர் உருவத்திடம் போய் மைக்கை நீட்டினார்.

"நான் தலையைத்தான் சொறிஞ்சேன். நான் ஒண்ணும் கேக்க மாட்டேங்க," என்றது உருவம். பக்கத்து உருவத்திடம் நீட்டினார். அது இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டது. அதற்கடுத்து நெடுநெடுவென்று ஓர் உருவம், "ஐயோ, என்கிட்ட வேணாம் சார்," என்று பதறியது.

அந்த நேரத்தில் யாரோ அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள். மாமியார்தான். மாப்பிள்ளை தடுமாறுவதைப் பார்க்கச் சகிக்காமல் தன் மூலையிலிருந்து கிளம்பி வந்துவிட்டார்.

"ஐயா வணக்கம். உங்க படத்துல மௌனத்துக்கு ஏன் இவ்ளோ இடம்?" என்று கணீரென்று கேட்டார்.

"அம்மா, அது என்னோடது," என்றாள் மனைவி, எதிர் மூலையிலிருந்து.

அரங்கில் ஒரு சலசலப்பு. இயக்குநர் தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திறக்க வரவில்லை, கீழே வைத்தார்.

கேள்வி பறிபோன கோபத்தில் மனைவி மைக் இல்லாமலே கேட்டாள். "அந்த ஆளுக்குப் பொண்டாட்டி இல்லையா சார்? ஒரு போன் போட்டுப் பூட்டிட்டியான்னு கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே. ரெண்டு மணி நேரம் எதுக்கு நடக்கணும்?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் மாமியார் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அது கிடக்கட்டும்டி," என்றார் மைக்கிலேயே. "நம்ம வீட்டைப் பூட்டினியா?"

மனைவி திடுக்கிட்டாள். "தம்பி பூட்டினான்னு இல்ல நெனச்சேன்?"

பின்வரிசையிலிருந்து மச்சான் எழுந்தான். "நான் வண்டியில ஹாரன் அடிச்சிட்டு இருந்தேன்க்கா. அம்மாதானே கடைசியா வந்தாங்க?"

"நான் செருப்பு மாட்டிட்டு வந்தேன். சாவி யார்கிட்ட?"

"மாமாகிட்ட இருக்கும்," என்றான் மச்சான்.

அரங்கிலிருந்த அத்தனை பேரும் பொறுப்பாளரைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமியாரும் மைக்கை அவர் வாய்க்கு நேரே நீட்டினார். அவர் தன்னை அறியாமல் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார்.

"என்கிட்ட இல்ல அத்தை," என்று அவர் சொன்னது அரங்கம் முழுக்க ஒலித்தது.

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. இனி மறைக்க ஒன்றுமில்லை. மாமியார் மைக்கை அவர் கையில் திணிக்க, குடும்பம் ஆளுக்கொரு பக்கமிருந்து கிளம்பி, வந்த பக்கவாட்டுக் கதவு வழியாகவே வெளியே ஓடியது. பொறுப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேலை போயிற்று என்ற நினைப்போடு மேடையைப் பார்த்தார்.

இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே மைக்கைக் கேட்டு வாங்கினார்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தான்," என்றார். "என் கல்யாணத்தன்னைக்கு எங்க அப்பா மூணு தடவை திரும்பிப் போனாரு. மூணாவது தடவை போனவரு தாலி கட்டினப்புறம்தான் வந்தாரு. கதவு பூட்டித்தான் இருந்துச்சாம். அதைச் சொல்லும்போது அவரு முகத்துல அப்படியொரு நிம்மதி. அந்த முகத்துக்காகத்தான் இந்தப் படமே."

அரங்கம் அப்படியே உருகிவிட்டது. அவர் பேசினார். அப்பாவைப் பற்றி, நடித்தவரின் செருப்பைப் பற்றி, எடுத்துவிட்டு வெட்டிப்போட்ட காட்சிகளைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் யாரும் எழுந்தும் போகவில்லை. முடிந்தபோது எல்லோரும் நின்று கைதட்டினார்கள்.

தலைவி அருகில் வந்தாள். "அவங்க மூணு பேரும் உங்க வீட்டு ஆளுங்களா?"

பொறுப்பாளர் அசடு வழிந்தார்.

"அடுத்த வருஷமும் உரையாடல் உண்டு," என்றாள் தலைவி. "அத்தையை மறக்காம கூட்டிட்டு வாங்க."

அப்போது மனைவியிடமிருந்து போன் வந்தது. "பூட்டித்தாங்க இருந்துச்சு, சாவியும் அம்மா பையிலதான். ஆனா அம்மாவுக்குத் திருப்தி இல்ல. தெறந்துட்டு மறுபடியும் பூட்டிக் காட்டச் சொல்றாங்க."

"காட்டிடு," என்றார். இவ்வளவு லேசாக அவர் மூச்சுவிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இயக்குநர் கிளம்பும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "போன வருஷம் மாதிரி இல்ல," என்றார். பொறுப்பாளருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே இத்தனையும்.

இயக்குநர் மறந்துவிட்டுப் போன குடையை எடுக்க டிரைவர் திரும்பி வந்தார்.

"சாருக்கு என் மேல வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று பொறுப்பாளர் கேட்டார். "போன வருஷம் ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. அந்த வேதனை எனக்கு இன்னைக்குத்தான் தீர்ந்துச்சு."

டிரைவர் சங்கடத்தோடு குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"வருத்தமெல்லாம் இல்ல சார், வண்டியில உக்காந்து சிரிச்சுக்கிட்டுதான் இருக்காரு. ஆனா போன வருஷமும் சரி, இந்த வருஷமும் சரி, 'எங்க சாருக்கு மேடையில பேசறதுன்னாலே உதறல், தயவு செஞ்சு யாரும் ஒண்ணும் கேட்டுடாதீங்க'ன்னு முன்வாசல்ல நின்னு ஒவ்வொருத்தரையும் கும்பிட்டுத்தான் உள்ள அனுப்பினேன். உங்க வீட்டு ஆளுங்க மட்டும் எந்தக் கதவு வழியா உள்ள வந்தாங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியல."